டயர் சிமுலேஷன் சாப்ட்வேர்: பல வருடம் புழங்கிய பிறகு

திருமங்கலத்தில், தேய்ந்த டயருக்குப் புது மேல்பட்டை (டிரெட்) ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "டயர் சிமுலேஷன் சாப்ட்வேர் லைசென்ஸ் விலை இறங்கியிருக்காமே, வாங்கலாமா அண்ணே?" போனில் சொல்லித் தீரவில்லை.

உருளும் டயரை இந்த சாப்ட்வேர் கணக்குப் போடும் விதம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. டயரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலை, அதாவது மெஷ், அசையாமல் நிற்கும். ரப்பர் அதன் வழியே ஓடும். அதனால் தரையைத் தொடும் பகுதியில் மட்டும் மெஷ்ஷை நெருக்கிப் போட்டால் போதும். சுழல் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, சக்கரத்தைத் திருப்பும் விசை (டார்க்) பூஜ்யமாகும் இடத்தைப் பிடித்தால் டயர் தானாக உருளும் நிலை கிடைத்துவிடும். சக்கரத்தை நிஜமாகவே சுற்றவிட்டுக் கணக்கிட்டால் ராத்திரி முழுக்க இழுக்கும் வேலை, டீ குடித்து வருவதற்குள் முடிகிறது. டயர் தரையில் பதிக்கும் தடத்தின் நீளமும் அகலமும் மை தடவி எடுத்த பதிவோடு அழகாகப் பொருந்துகின்றன.

என் ஆத்திரமெல்லாம் உருளல் தடைக் கணக்கில்தான், அதாவது உருளும்போது ரப்பர் நெளிந்து சூடாக வீணாக்கும் சக்தியின் கணக்கில். கார்பன் பிளாக் (கரித்தூள்) கலந்த ரப்பர், துளி அசைத்தால் விறைப்பாக இருக்கும். திரிபு (உருமாறும் அளவு) 0.1 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குப் போவதற்குள் அந்த விறைப்பு வெகுவாக விழுந்துவிடும். பெய்ன் விளைவு என்பார்கள். 1960களிலேயே விரிவாக ஆராய்ந்த விஷயம். ஆனால் மெனுவில் தயாராக இருப்பது புரோனி தொடர் என்ற சூத்திரம். அது அதிர்வெண்ணைப் பார்க்கும். 1955-இல் வந்த டபிள்யூஎல்எஃப் சமன்பாட்டைச் சேர்த்தால் வெப்பநிலையையும் பார்க்கும். எவ்வளவு அசைகிறது என்பதை மட்டும் பார்க்காது. டயரின் தோள்பகுதியான ஷோல்டரில் ஒரு திரிபு, பக்கச்சுவரான சைடுவாலில் வேறு திரிபு. இரண்டுக்கும் ஒரே தொடர் எப்படிப் பொருந்தும்? ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது. எங்கே எவ்வளவு சூடேறும் என்ற கணக்கே ஆட்டம் காண்கிறது. சித்திரை வெயிலில், பாரம் ஏற்றிக்கொண்டு மேலூர் ரோட்டில் போகும் லாரிக்கு அதுதானே முக்கியம்! ரீட்ரெட் டயரில் டிரெட் கழன்று போவதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம். புகார் சொன்னால், "அதற்கான துணை நிரலை (சப்ரூட்டீன்) நீங்களே எழுதிக்கொள்ளலாம்" என்று பதில் வருகிறது. இத்தனை பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் பதிலா இது?

அதனால் தம்பி, வேண்டாம். ரப்பர் கலவைகளை (காம்பவுண்டு) ஒப்பிடத்தான் உங்களுக்குத் தேவை என்றால், 60 டிகிரியில் டேன் டெல்டா (அசையும்போது சக்தி எவ்வளவு வீணாகிறது என்பதன் அளவு) அளந்து தரும் லேப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள். நான் இந்த வருடமும் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டேன், அது வேறு கதை. தடத்தை இவ்வளவு சீக்கிரம் காட்டும் இன்னொன்று என் கைக்கு வரவில்லை.

அப்புறம், என் பேச்சைக் கேட்காமல் வாங்கிவிட்டால் ஒன்று செய்யுங்கள். ஒரே திசையில் இழுத்துப் பார்த்த சோதனை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ரப்பர் எப்படி இழுபடும் என்று கணிக்கும் மாடல்களில் யோ மாடலோடு நில்லுங்கள். நிறைய மாறிலி வைத்து ஆக்டன் மாடலைப் பொருத்தினால், சோதிக்காத திசையில் அது கண்டபடி போகும்.