கரண்டியா, மீனா, வளையும் வாலா?

என் கராஜ் சுவரில் மூன்று பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. மூன்றுமே கடலலையில் முட்டி போட்டு ஓட்டும் நீபோர்டுகள். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஓசியில போடச் சொன்ன முட்டியை சிட்னிக்கு வந்து காசு கொடுத்துப் போடுறீங்களே" என்பாள் என் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றில் எதை முதலில் செய்யலாம் என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் உண்டு, கொஞ்சம் நீளமான பதில்.

முதலாவது ஸ்பூன். நடுப்பகுதியில் ஃபோமே (மிதக்கும் நுரைக்கட்டை) இல்லாமல் ஃபைபர் கிளாஸ் மட்டும் கொண்டு செய்த, பெயருக்கேற்ற கரண்டி. ஃபைபர் கிளாஸ் என்பது கண்ணாடி இழைத் துணியை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுகவிட்டது; இனி 'கண்ணாடி' என்றால் அதுதான், ஜன்னல் கண்ணாடி அல்ல. இரண்டாவது ஃபிஷ். முழுக்க ஃபோம் நிரம்பிய, கெட்டியான, பிளவுபட்ட வால் கொண்ட குட்டைப் பலகை. மூன்றாவது இரண்டுக்கும் பிறந்த பிள்ளை: முன்பக்கம் சாதாரண ஃபோம் பலகை, கடைசி ஒன்றேகால் அடி மட்டும் வெறும் கண்ணாடித் தகடு. ஃப்ளெக்ஸ் டெயில் என்பார்கள்.

வால் எதற்கு வளைய வேண்டும்? அலை முகப்பில் நேராக ஓடும்போது பலகையின் அடி தட்டையாக இருந்தால் வேகம் கிடைக்கும். திரும்பும்போது வால் மேல்நோக்கி வளைந்திருந்தால் சின்ன வட்டத்தில் திரும்பலாம். கெட்டியான பலகையில் இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவைச் செதுக்கிவிட்டு அதோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். வளையும் வாலில் இரண்டும் உண்டு. திருப்பத்தில் உங்கள் எடை இறங்கும்போது தண்ணீர் வாலை மேலே தள்ளுகிறது, வளைவு கூடுகிறது. திருப்பம் முடிந்து அழுத்தம் விட்டதும் வால் நிமிர்கிறது, பலகை மறுபடி தட்டையாகிறது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் பலகையின் வாலைப் பிடித்து மடக்கிப் பார்த்து, "ஆகா, நல்லா வளையுது" என்று வாங்கி வருகிறார்கள். ரப்பர் செருப்புகூடத்தான் வளையும். 1971-ல் டாம் மோரே ஹவாயில் செய்த பூகி போர்டும் வளையும். ஆனால் அந்த நுரை சோம்பேறித்தனமாகத்தான் நிமிரும். வகுப்பில் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்தி 'டர்ர்ர்' என்று விட்டிருப்பீர்கள் அல்லவா? வாலுக்கு வேண்டியது அந்த 'டர்ர்ர்'. எவ்வளவு வளைகிறது என்பதைவிட எவ்வளவு சுருக்காகத் திரும்பி வருகிறது என்பதைப் பாருங்கள்.

கரண்டி

இந்த வம்பை ஆரம்பித்துவைத்தவர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீனோ. 1941-ல் பிறந்தவர். எல்லோரும் ஒன்பது, பத்தடிப் பலகையில் நின்றுகொண்டு போன 1960களில் இவர் ஏறக்குறைய ஐந்தடிப் பலகையில் முட்டி போட்டுக்கொண்டு, எவரும் போகாத கோணத்தில் அலைக்குள் புகுந்து வெளியே வந்தார். வேலோ என்று அவர் பெயரிட்ட பலகையின் நடுப்பகுதி வெறும் கண்ணாடித் தகடு, வெளிச்சம் ஊடுருவும். ஃபோம் ஓரங்களிலும் மூக்கிலும் மட்டும். அதன் அடியில் சூரை மீனின் துடுப்பை ஒத்த, அடி அகன்று நுனி ஒடுங்கிய, வளையும் ஃபின். அந்த ஃபின் யோசனையைத் தன் 9 அடி 4 அங்குலப் பலகையில் பொருத்திக்கொண்டுதான் ஆஸ்திரேலியர் நாட் யங் 1966-ல் சான் டியேகோவில் உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பலகைகள் குட்டையாகின. நின்று ஓட்டியவர்களின் பலகையை மாற்றியதில் முட்டி போட்டவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, செய்வது எப்படி? ஃபோம் கட்டையில் அடிப்பக்கத்தைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடித் துணியும் ரெசினும் போட்டுக் காயவிடுவோம். பிறகு திருப்பிப் போட்டு, மேல்பக்க ஃபோமைத் தோண்டி எடுக்க வேண்டும், இளநீரில் வழுக்கை சுரண்டுவதுபோல, அடியில் கண்ணாடி தெரியும்வரை. ஓரத்து ஃபோமைத் தொடக்கூடாது. தோண்டிய குழிக்குள் மறுபடி துணி, ரெசின், துணி, ரெசின். சதுர கெஜத்துக்கு 6 அவுன்ஸ் எடையுள்ள துணி ஒரு அடுக்கு கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் வரும். என் ஸ்பூனில் முழங்கால் வைக்கும் இடத்தில் 20 அடுக்கு, வால் நுனியில் 8. அதாவது 5 மி.மீ.யில் தொடங்கி 2 மி.மீ.யில் முடியும்.

அவசரம் கூடாது. நான் முதல் தடவை பத்து அடுக்கை ஒரே மூச்சில் போட்டேன். ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும். கனமாகப் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். இருபது நிமிடத்தில் கை வைக்க முடியவில்லை, ஓர் ஓரத்தில் புகை வந்தது, நடுவில் பொரித்த அப்பளம்போல் கொப்புளம். கிரைண்டர் போட்டு முழுவதையும் எடுத்தேன். இப்போது நான்கு அடுக்குக்கு மேல் ஒரே வேளையில் போடுவதில்லை.

இன்னொரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 5 மி.மீ. தகட்டை 4 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று தோன்றும், உண்மையில் பாதியாகிவிடும். ஆகவே உப்புத்தாளை ஆர்வக்கோளாறில் தேய்க்க வேண்டாம். பலகையைக் கவிழ்த்து, வால் மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி மேசையோடு இறுக்கிக் கட்டுங்கள். வால் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். என் ஸ்பூனில் நாலு செ.மீ. கொஞ்சம் தேய், தொங்கவிடு, அள. அன்று இரவு அந்த அரிசிதான் சோறானது. கண்ணாடித் தூள் பட்டிருக்குமோ என்று வீட்டில் நடந்த விசாரணையைத் தனியாக எழுத வேண்டும்.

சுகம் எப்படி? நல்ல அலையில் அதற்கு ஈடே இல்லை. ஆனால் மிதப்பு கிடையாது. கண்ணாடித் தகடு தண்ணீரைவிடக் கனமானது. ஓரத்து ஃபோம்தான் அதை முழுகவிடாமல் காப்பாற்றுகிறது. நீங்கள் அதன்மேல் படுத்தால் மார்பளவு தண்ணீருக்குள் இருப்பீர்கள். அலையைப் பிடிப்பது முழுக்கக் காலில் மாட்டிய ஃபின்னால் உதைத்துத்தான். முதல் நாள் இதைக் கடற்கரைக்குத் தூக்கிப் போனபோது எங்கள் கூட்டத்தில் வரும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணை, உதென்ன தோசைக்கல்லோ? கடலில தாழாதோ?"

"தாழாதுப்பா. ஆனா மிதக்கவும் மிதக்காது."

மீன்

ஃபிஷ் கதை சுருக்கமானது. 1967 வாக்கில் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் தனக்காகச் செய்த நீபோர்டு அது. ஐந்தடிக்கும் குறைவு, அகன்ற உடம்பு, மீன்வாலாகப் பிளந்த பின்பக்கம், இரண்டு கீல் ஃபின் (கதவுக் கீல் அல்ல; படகின் அடிக்கட்டைபோல நீண்ட அடி கொண்ட துடுப்பு). பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒடுங்கிய வால்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: நேரே போகும்போது இரண்டும் சேர்ந்து அகன்ற வாலின் வேகத்தைத் தரும், சாய்க்கும்போது ஒன்று மட்டும் தண்ணீரைக் கவ்வும். நின்று ஓட்டுகிறவர்கள் சீக்கிரமே அதை எடுத்துக்கொண்டார்கள். 1972 உலகப் போட்டியில் முதல் இரண்டு இடங்களும் ஃபிஷ் ஓட்டியவர்களுக்கே.

வளைவே இல்லாத பலகையை ஏன் இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறேன் என்றால், ஸ்பூனுக்கு நேர் எதிரி அதுதான். ஸ்பூன் வளைந்து செய்வதை ஃபிஷ் வடிவத்தால் செய்யப் பார்க்கிறது. பாதிக்கு மேல் வெற்றியும் பெறுகிறது. செய்வதும் எளிது: ஒரு வார இறுதி, ஒன்றரைக் கிலோ எபாக்ஸி ரெசின் போதும். ஸ்பூனுக்கு எனக்கு மூன்றரைக் கிலோ எபாக்ஸியும் ஐந்து வார இறுதிகளும் பிடித்தன. சிட்னியின் இடுப்பளவு பீச் பிரேக் அலையில், அதாவது மணல் கரையில் உடையும் அலையில், மீன் விளையாடும், கரண்டி மூழ்கிக் கிடக்கும். இதில் வாதத்துக்கே இடமில்லை.

அப்புறம் ஏன் ஸ்பூன் என்றால், பெரிய, வேகமான அலையில் ஃபிஷ் துள்ள ஆரம்பிக்கும். அகன்ற விறைத்த வால் ஒவ்வொரு சிற்றலைமேலும் தட்டித் தட்டிப் போவது முழங்காலுக்கு நேரடியாகத் தெரியும். என் வயதில் முழங்கால் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வளையும் வால்

ஃபோம் பலகை ஏன் வளைவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் ஃப்ளெக்ஸ் டெயில் புரிந்துவிடும். மேலே ஒரு கண்ணாடித் தோல், கீழே ஒரு தோல், நடுவே ஃபோம் அவற்றைப் பிரித்துப் பிடிக்கிறது. தோல்கள் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ அவ்வளவு விறைப்பு. ஃபோமை எடுத்துவிட்டு இரண்டு தோல்களையும் ஒட்டிவிட்டால் அதே கண்ணாடி வில்லாகிவிடும். ஆக முன்பக்கம் ஃபோம் மிதப்பைத் தருகிறது, பின்பக்கத் தகடு வளைவைத் தருகிறது. ஆஸ்திரேலியாவில் மிட்செல் ரே இதே யோசனையை நின்று ஓட்டும் பலகைகளுக்குப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்.

சிக்கல் எல்லாம் சேருமிடத்தில். ஃபோம் சட்டென்று முடிந்து தகடு தொடங்கினால், வளைவு முழுதும் அந்த ஒரே கோட்டில் குவியும். கதவுக் கீல் மாதிரி. என் முதல் வாலில் ஃபோமை மூன்று விரல்கடையில் முடித்திருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. பதினோராவது தடவை கடலுக்குப் போனபோது, ஒன்றும் பெரிய அலையல்ல, தோளளவுதான், அலையின் அடிவாரத்தில் திரும்பும்போது 'சடக்' என்று சத்தம். வால் பிய்ந்து போகவில்லை; துணி பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சேருமிடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு, வால் கட்டில்லாமல் ஆடியது. கரைக்கு நீந்தி வருவதற்குள் தப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது வாலில் ஃபோமை ஒரு முழுச் சாண் நீளத்துக்குச் சரிவாக இறக்கினேன். துணி அடுக்குகளும் ஒரே இடத்தில் முடியாமல் படிக்கட்டுபோல ஒவ்வொன்றாக முடியும்படி வெட்டினேன். மூன்று ஆண்டாக ஒரு கீறல் இல்லை.

அதே வேளையில் ரெசினையும் மாற்றினேன். முதல் வால் பாலியஸ்டர். மலிவு, சுருக்காக இறுகும், அக்கம்பக்கம் எல்லாம் நாறும். ஆனால் மறுபடி மறுபடி வளைந்தால் பொடிப்பொடியாக வெடிப்பு விடும். எபாக்ஸி அதைவிட நீண்டு கொடுக்கும். போதாக்குறைக்கு, தெர்மோகோல் வகை ஃபோம்மேல் பாலியஸ்டரை ஊற்றினால் ஃபோம் கரைந்தே போகும். அங்கே எபாக்ஸியைத் தவிர வேறு வழி இல்லை. கார்பன் துணி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: நுனிவரை ஓடும் ஒரே ஒரு பட்டை போடலாம், நிமிரும் வேகம் கூடும். வால் முழுக்கப் போட்டால் மரக்கட்டைபோல் விறைத்துவிடும், பணமும் போச்சு.

ஃபின் விஷயத்திலும் கவனம் வேண்டும். நீண்ட அடி கொண்ட ஃபின்னை வாலின் நடுவே நெடுக ஒட்டுவது, ஸ்கேலின் முதுகில் இன்னொரு ஸ்கேலை நிமிர்த்தி ஒட்டுவதுபோல. வால் வளையாது. நான் ஃபின்னை முன்னால் தள்ளி, பாதிக்குமேல் சரிவுப் பகுதியிலேயே வைத்துவிட்டேன். பிடி கொஞ்சம் குறைந்தது, வளைவு மிஞ்சியது.

இனி என் தீர்ப்பு. ஃப்ளெக்ஸ் டெயில் ஸ்பூன் அல்ல. ஸ்பூனில் திருப்பம் முழங்காலுக்கு அடியிலிருந்தே தொடங்கும், பலகை முழுக்கப் பாம்பு நெளிவதுபோல. ஃப்ளெக்ஸ் டெயிலில் பின்னால் மட்டும் யாரோ உந்திவிட்டதுபோல இருக்கும். லென்னக்ஸ் ஹெட் போன்ற, பாறை முனையைச் சுற்றிச் சீறி ஓடும் அலையில் பத்து நாள் தங்கி ஓட்ட வாய்த்தால் ஸ்பூனைத்தான் எடுத்துப்போவேன். கிரசென்ட் ஹெட் மாதிரி நீளமான, நிதானமான முனைக்கு ஃப்ளெக்ஸ் டெயில். சனிக்கிழமை காலை வீட்டுப் பக்கத்துப் பீச் பிரேக்குக்கு மீன். ஆனால் முதன்முதலில் ஒன்றே ஒன்று செய்யப் போகிறவர் ஃப்ளெக்ஸ் டெயிலைச் செய்யட்டும். வால் சொதப்பினாலும் அறுத்துவிட்டு வேறு வால் ஒட்டலாம், முன்பக்கம் வீணாகாது. ஸ்பூன் சொதப்பினால் தொட்டிச் செடிதான் வைக்கலாம். கிரீனோவே பின்னாளில் பெரும்பாலும் காற்றடைத்த மெத்தையில்தான் அலையேறினார். அதைவிட வளையும் பலகை உலகத்தில் உண்டா என்ன? அது வேறு கட்டுரை.

செய்ய நேரமில்லை, பழையது வாங்குகிறேன் என்பவர்கள் வாலைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தகடு ஒரே சீராக ஒளி விட வேண்டும். பால் கலந்த மாதிரி திட்டுகள் தெரிந்தால் அடுக்குகள் உள்ளே பிரிந்திருக்கின்றன. பிறகு ஃபோம் முடியும் சரிவின் இரண்டு ஓரங்களிலும் நகத்தால் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் ஓரத்தில்தான் பிறக்கும். அதன் மேல் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் விலை பேசாமல் வண்டியில் ஏறிவிடுங்கள்.