சுவாமிமலைப் பக்கம்: தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கிடைத்த உதவிகள்

இந்தத் தடவை சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குக் கிளம்பும்போது மனதில் ஒரே வேலைதான் இருந்தது. அம்மாவுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டு வர வேண்டும். அம்மாவுக்கு வயது 77. சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். போன மழைக்காலத்தில் கொல்லைப் பக்கம் போகும்போது வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பது, வாசலில் கோலம் போடுவதை விட்டது, கடைக்குப் போவதை விட்டது. இந்த வயதில் விழுந்த அடியை விட, மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் ஆளை முடக்குகிறது. பயத்தில் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரையும். சதை கரைந்தால் விழுவது இன்னும் சுலபம்.

முதலில் கும்பகோணத்தில் ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன். 24 மணி நேரமும் வீட்டோடு இருக்க ஒரு பெண், மாதம் 22,000 ரூபாய், சாப்பாடு தனி. குளிப்பாட்டுவது, சமைப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவரே செய்வார் என்றார்கள். அம்மாவிடம் சொன்னதும், "எனக்கு என்ன, கை கால் விழுந்துபோச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். தட்டுத் தடுமாறியாவது தானே எல்லாம் செய்துகொண்டிருப்பவருக்கு அப்படி ஆள் போட்டால், மிச்சமிருக்கும் பலமும் சில மாதத்தில் போய்விடும்.

அப்புறம் போனில் பேசும் ஹெல்த் கோச் ஒருவரை ஏற்பாடு செய்து பார்த்தோம். பெயர் வேண்டாம். வாரம் ஒரு வீடியோ கால், ஓர் ஆப், ஓர் உணவு அட்டவணை. பேசிய பெண் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அட்டவணையில் ஓட்ஸும் பாதாமும். ஆப் முழுக்க ஆங்கிலம். அம்மாவின் வீட்டில் நிலைப்படி எவ்வளவு உயரம், கழிப்பறைக்கு இரவில் எந்த வழியாகப் போகிறார் என்பதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் உருப்படியான உதவி வந்தது மக்களைத் தேடி மருத்துவம் வழியாக. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்பது பலருக்குத் தெரியும். தேவைப்படுகிறவர்களுக்குப் பிசியோதெரபியும் வீட்டிலேயே உண்டு என்பது எங்கள் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலரை எல்லாரும் "பிரஷர் மாத்திரை குடுக்க வர்ற பொண்ணு" என்றுதான் சொல்கிறார்கள். மகளிர் குழுவில் இருப்பவர். அம்மா விழுந்ததைக் கேட்டதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, பிசியோதெரபிஸ்ட்டின் பயணப் பட்டியலில் பெயரைச் சேர்த்ததும் அவர்தான்.

வந்தவர் இளைஞர். "எங்கம்மா வலிக்குது?" என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "முன்னாடி செஞ்சு, இப்ப செய்ய முடியலையேன்னு நினைக்கிறது என்னம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "சுவாமிமலைப் படி ஏறணும் தம்பி. யாரும் கையைப் பிடிக்காம."

அதையே குறிக்கோளாக வைத்துக்கொண்டார்கள். ரேழியில் கிடந்த மரநாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். 75 முதல் 79 வயதுவரை உள்ள பெண்கள் 10 தடவைக்குக் குறைந்தால் விழும் அபாயம் உண்டு என்று கணக்காம். அம்மாவால் 6 தான் முடிந்தது. பிறகு படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை பிரஷர் பார்த்தார்கள். நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கியது. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மாத்திரைகளைப் பார்த்து ஒன்றின் அளவைக் குறைத்தார். மாலையில் போட்டுக்கொண்டிருந்த, சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். இரவில் எழுந்து கொல்லைக்குப் போவது குறைந்தது. நாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆனால் எழுந்தால் தலை சுற்றுகிறது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். "வயசானா அப்படித்தான்" என்று அம்மா அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சி எல்லாம் வீட்டில் இருக்கும் பொருளை வைத்துத்தான். திண்ணையில் உட்கார்ந்து எழுவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. ரேழியில் ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து, சுவரோரமாக நடப்பது. எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டு, "நீங்க எண்ணிக்கை சொல்லணும்" என்று பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போனார். அது பெரிய யோசனை. இப்போது சாயங்காலம் அக்காவும் கூடச் சேர்ந்து செய்கிறார். ஒருவர் விட்டால் மற்றவர் விடுவதில்லை.

சாப்பாட்டிலும் ஓட்ஸ் பேச்சே இல்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மோர் சாதம் என்று அம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். சதை கூட வேண்டுமானால் ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது ஒரு கிராம் புரதம் வேண்டும். இவருக்கு 50 கிலோ, அப்படியென்றால் 50 கிராம். ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு தயிர், ஒரு டம்ளர் பால் என்று அம்மாவே கூட்டிக்கொண்டார்.

வீட்டில் செய்த மாற்றங்களுக்கு அதிகம் செலவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் கழிப்பறையிலும் கொல்லைப் படியிலும் எவர்சில்வர் குழாயில் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். வழியில் இரவு முழுக்க எரியும் சின்ன பல்பு. வழுக்கும் கால்மிதியை எடுத்தாயிற்று.

கிளம்புவதற்கு முன்பு சுவாமிமலைக்குப் போனோம். அங்கே படிகள் 60; படிக்கு ஒரு தமிழ் வருஷம். அம்மா பிறந்தது சர்வதாரி, 22-வது படி. கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே அதுவரை தானாக ஏறினார். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "போதும், மிச்சம் அடுத்த கிருத்திகைக்கு" என்றார். அப்புறம் போனில் பேசும்போது நாற்காலிக் கணக்கு 9 ஆகிவிட்டது என்று சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. பிசியோதெரபிஸ்ட் ஓர் ஒன்றியம் முழுக்கச் சுற்ற வேண்டியவர். நடுவில் இரண்டு தடவை வருவதாகச் சொல்லி வர முடியவில்லை. பக்கவாதம் வந்தவர்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு முதலில் போக வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அம்மா விழுந்த பிறகுதானே அவர் பெயர் பட்டியலில் ஏறியது? சிங்கப்பூரில் நான் இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே நன்றாக நடமாடுகிறவர்களையே கூப்பிட்டு உடற்பயிற்சி செய்ய வைக்கிறார்கள். 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய மாநிலம் நம்முடையது. கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. ஆனால் கிராமத்தில் திடமாக இருக்கும் 70 வயதுக்காரரைத் தேடிப்போய் "ஒரு தடவை எழுந்து காட்டுங்கம்மா" என்று சொல்ல எங்கள் பக்கம் யாரும் இல்லை.

ஊரில் பெற்றோர் தனியாக இருந்தால், விழும்வரை காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தன்னார்வலர் யார் என்று கேளுங்கள். முதியோருக்கான 14567 இலவச எண்ணை அவர்கள் போனிலேயே சேமித்துக் கொடுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். மாத்திரை கொடுக்க வரும் பெண்களிடம் பிரஷர் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. நின்றதும் இன்னொரு தடவை பார்க்கவும், 30 விநாடி நாற்காலிக் கணக்கு எடுக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அதற்கு ஊக்கத்தொகையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று வட்டார மருத்துவ அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறேன். எதிர்வீட்டு அக்காவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.