அரசாங்க லேப்டாப்ல லினக்ஸ் மிண்ட் 22: கோடிங் கத்துக்க தாராளமா போடலாம்

எங்க வீடு வியாசர்பாடி. தங்கச்சி பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்திருக்கா, லேப்டாப் வேணும்னு கேட்டா, புதுசு வாங்குற நெலமை இல்ல, அதனால எனக்கு பிளஸ் டூவுல அரசாங்கம் குடுத்த லேப்டாப்ப பரண்ல இருந்து எறக்கினேன். ஆன் பண்ணி டெஸ்க்டாப் வர 6 நிமிஷம், மொபைல்ல டைம் வெச்சே பாத்தேன். பக்கத்துல ஒரு கடையில காட்டினா எடைக்கு போட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசே வரல. ரேம 4 ஜிபி ஆக்கி, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, லினக்ஸ் மிண்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். லினக்ஸ் மிண்ட்னா விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், ஃப்ரீ; எக்ஸ்எஃப்சிஇன்னா அதுல பழைய மெஷினுக்கு ஏத்த லேசான டெஸ்க்டாப். மூணு மாசமா அவ தினமும் யூஸ் பண்றா, ஹேங் ஆகல, அத நம்பித்தான் இத எழுதுறேன்.

அந்த லேப்டாப்கூட அப்பவே பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் குடுத்தாங்க, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக், அதோட நம்ம சென்னை சென்டர்ல டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ வெச்சு பண்ணது. ஆனா ஸ்கூல்ல யாரும் அத தொறந்து காட்டல, நாங்களும் தொடல. யாராவது ஒருத்தர் உக்காந்து சொல்லிக் குடுத்திருந்தா எங்க பேட்ச்ல எத்தினி பேர் அப்பவே கத்துக்கினு இருப்பாங்கன்னு இப்ப நெனச்சா கஷ்டமா இருக்கு.

போடுறது பெரிய வேலை இல்ல. ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது மிண்ட இன்ஸ்டால் பண்ற ஃபைல், கிட்டத்தட்ட 3 ஜிபி, 8 ஜிபி பென் டிரைவ் போதும், டவுன்லோட் ஆனதும் ஃபைல் கெடாம வந்துச்சான்னு காட்டுற செக்சம் நம்பர மட்டும் சரி பாத்துடுங்க. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி பென் டிரைவ்லயே ஓட்டிப் பாக்கலாம், வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்யுதான்னு அங்கயே தெரிஞ்சிடும். எனக்கு வைஃபை வரல. மொபைல யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜர்ல அது காட்டுன டிரைவர டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணதும் வந்துடுச்சு. பேட்டரி செத்துப் போன மெஷின்னா கரண்ட் போவாத நேரமா பாத்து பண்ணுங்க, நான் விடிகாலை 5 மணிக்கு எழுந்து பண்ணேன்.

அடுத்து கோடிங் செட்டப். கமாண்ட் அடிக்கிற டெர்மினல்ல சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்னு ஒரு வரி, அவ்ளோதான், சி கம்பைலர் ஜிசிசி, சி பிளஸ் பிளஸ்ஸுக்கு ஜி பிளஸ் பிளஸ், மேக் எல்லாம் ரெடி. எடிட்டருக்கு ஜீனி போட்டேன், 4 ஜிபி ரேமுக்கு அதான் கரெக்ட், எஃப்9 அமுக்கினா பில்ட், எஃப்5 அமுக்கினா ரன், புதுசா கத்துக்கிற பசங்களுக்கு இதுக்கு மேல எதுவும் தேவையில்ல.

மொத நாளே தங்கச்சி "ண்ணா, இன்னாண்ணா இது, காலேஜ்ல ஓடுது இங்க எர்ரர் வருது"ன்னு வந்து நின்னா. பாத்தா மேலயே கோனியோ டாட் ஹெச், உள்ள கிளியர் ஸ்க்ரீன், கெட்ச். லேப்ல இன்னும் அந்த நீல கலர் ஸ்க்ரீன் கம்பைலர்தான் போல. கோனியோ சி ஸ்டாண்டர்டுலயே கிடையாது, அது அந்தக் காலத்து டாஸ் கம்பைலருங்களோட வந்தது, ஜிசிசிக்கு தெரியாது. அந்த மூணு வரியையும் எடுத்துட்டு வாய்ட் மெயின இன்ட் மெயின்னு மாத்தினோம், ஓடிடுச்சு. அதவிட ஃபேக்டோரியல் புரோகிராம்தான் முக்கியம். லேப்ல 8 குடுத்தா மைனஸ் 25216ன்னு வந்துச்சாம், தன் லாஜிக்தான் தப்புன்னு ரெண்டு நாளா மண்டைய ஒடச்சிக்கினு இருந்திருக்கா. வீட்ல அதே கோட் 40320ன்னு சரியா காட்டுது. அங்க முழு எண் வெக்கிற இன்ட் 16 பிட், 32767க்கு மேல தாங்காது, இங்க 32 பிட். சரின்னு 13 குடுத்துப் பாக்கச் சொன்னேன், இங்கயும் தப்பா வந்துச்சு, அப்பதான் அவளுக்கு ஓவர்ஃப்ளோன்னா, அதாவது நம்பர் எடம் பத்தாம வழியுறதுன்னா, இன்னான்னு புரிஞ்சுது, மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம்.

பைத்தான் 3.12 கூடவே வருது, ஆனா வெளிய இருந்து பேக்கேஜ் எடுத்துப் போட பிப் இன்ஸ்டால்னு நேரா அடிச்சா எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்னு நீளமா ஒரு எர்ரர் வந்து நிக்கும். நிறைய பேர் இங்கதான் பயந்துடுறாங்க. நெட்ல தேடினா பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷன் சேத்து அடின்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அடிக்காதீங்க, மிண்டோட அப்டேட் மேனேஜர் மாதிரி டூலெல்லாம் அதே பைத்தான்லதான் ஓடுது, அத கலைச்சா மெஷினே தகராறு பண்ணும். பைத்தான்3-வென்வ் போட்டு ஒவ்வொரு பிராஜெக்டுக்கும் தனி வென்வ், அதாவது பேக்கேஜ் போட தனி எடம், பண்ணிக்கங்க. கல்யாண வீட்ல விருந்துக்கு வாசல்ல தனி அடுப்பு வெப்பாங்களே, வீட்டு அடுப்புல கை வெக்க மாட்டாங்க இல்ல, அந்த மாதிரி. அந்த வென்வ டெலீட் பண்ணாலும் சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆவாது.

கொறைன்னா டெர்மினல்ல தமிழ். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு எழுத்து பிச்சிக்கினு நிக்குது, படிக்கவே முடியல. அவுட்புட்ட ஃபைல்ல எழுதி ஜீனியில தொறந்தா அழகா வருது. தமிழ்99 கீபோர்டும் தானா வராது, நாமதான் செட்டிங்ஸ்ல போய் சேக்கணும். தமிழ்நாட்டு பசங்களுக்கு இது ரெண்டும் சரியா இருந்தா இன்னும் எவ்ளோ நல்லா இருக்கும்.

மிண்ட் 22 உபுண்டு 24.04ங்கற இன்னொரு லினக்ஸ் மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும், அதுக்குள்ள அவ டிகிரியே முடிச்சிடுவா. போன வாரம் வணக்கம்னு எழுதி நீளத்த எண்ணுற லென் போட்டிருக்கா, பைத்தான் 7ன்னு சொல்லுது, நாம எண்ணினா 5 எழுத்து. புள்ளிய தனியா எண்ணுது, அதான்னு சொன்னேன். இப்ப ஒவ்வொரு குறியும் என்ன வகைன்னு சொல்ற யூனிகோட்டேட்டா மாட்யூல வெச்சு அந்த 5 வரவெக்க உக்காந்திருக்கா, சாப்ட கூப்ட்டா கூட எழுந்து வர மாட்றா.