எல்எஸ்ஐ 9211-8ஐ: மிரரிங்குக்கு இந்தக் கார்டு சரிப்படுமா?

சர்வரில் இரண்டு டிஸ்க்கை மிரர் செய்ய, அதாவது ஒரே டேட்டாவை இரண்டிலும் எழுதிவைக்க, டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் இந்தப் பழைய கார்டை இன்றும் பலர் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பொருத்திய பிறகு வரும் புலம்பலும் வழக்கமானதுதான்: "மிரர் அடிக்கடி உடைகிறது, டிஸ்க் போய்விட்டது போல." டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் இருக்கும் மென்பொருள்), கேபிள், டைம்அவுட் (டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பது எஸ்ஏஎஸ்2008 சிப். எஸ்ஏஎஸ், அதாவது சாஸ், என்பது சர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு முறை. பிசிஐஇ 2.0, எட்டு லேன். இரண்டு எஸ்எஃப்எஃப்-8087 சாக்கெட் வழியாக எட்டு போர்ட், ஒவ்வொன்றும் 6 ஜிகாபிட். எழுத வேண்டியதைத் தற்காலிகமாகத் தாங்கிவைக்கும் கேஷும் இல்லை, அதைக் காக்கும் பேட்டரியும் இல்லை. முந்தைய தலைமுறை எஸ்ஏஎஸ்1068இ சிப்புக்கு இருந்த, டிஸ்க்குக்கு 2 டிபி என்ற வரம்பு இதற்குக் கிடையாது.

கார்டு எந்த ஃபர்ம்வேரோடு வருகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஐஆர் ஃபர்ம்வேர் என்றால் கார்டே ரெய்டு 1, அதாவது மிரரிங், செய்யும். ஐடி என்றால் டிஸ்க்குகளை அப்படியே ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஐஆர் மிரரைப் பரிந்துரைக்க மாட்டோம். கேஷ் இல்லாத கார்டில் அதனால் வேகம் கூடப்போவதில்லை. ஒரே மிரரில் சாஸ் டிஸ்க்கையும் சாட்டா டிஸ்க்கையும் சேர்க்க முடியாது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்க்கச் சுற்றுவழி போக வேண்டும். கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். ஐடி ஃபர்ம்வேரில், மென்பொருளிலேயே மிரர் செய்யும் லினக்ஸ் எம்டி ரெய்டோ இசட்எஃப்எஸ்ஸோ வைத்துக்கொண்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு எந்த சர்வரில் மாட்டினாலும் மிரர் எழுந்து நிற்கும்.

ஐஆரிலிருந்து ஐடிக்கு மாற்றும்போது டேட்டாவை முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். ஐஆர் மிரரை அப்படியே தொடர முடியும் என்று நம்ப வேண்டாம், புதிதாகக் கட்டுவதுதான் பத்திரம். கார்டின் ஸ்டிக்கரில் உள்ள சாஸ் முகவரியை (கார்டின் தனி அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேரை எழுதும் சாஸ்2ஃபிளாஷ் கருவியின் டாஸ் பதிப்பு, பழைய பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ உள்ள பல மதர்போர்டுகளில் 'பிஏஎல்' பிழை காட்டி நின்றுவிடும். அப்போது அதன் இஎஃப்ஐ பதிப்புதான் வழி. அதற்கும் இஎஃப்ஐ ஷெல்லின் (ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முன் வரும் கட்டளைத் திரை) முதல் பதிப்பு வேண்டும், இரண்டாம் பதிப்பில் கருவி தொடங்க மறுக்கும். பழைய ஃபர்ம்வேரை அழித்த பிறகு, புதியதை எழுதி முடிக்கும் வரை ரீபூட் செய்யவே கூடாது. ஃபர்ம்வேர் பி20 வரிசையில் 20.00.07.00 பதிப்பாக இருக்கட்டும். அந்த வரிசையின் ஆரம்பப் பதிப்புகள் பெயர் கெட்டவை. கடைசியில் குறித்துவைத்த சாஸ் முகவரியைத் திரும்ப எழுதுங்கள். இந்தக் கார்டிலிருந்து பூட் செய்யப்போவதில்லை என்றால் பயாஸ் ரோமை (கார்டிலிருந்து பூட் செய்ய உதவும் பகுதி) எழுதாமல் விட்டுவிடலாம், சர்வர் சீக்கிரம் எழும்.

அடுத்தது கேபிள். எஸ்எஃப்எஃப்-8087இலிருந்து நான்கு சாட்டாவாகப் பிரியும் கேபிளில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என இரு வகை. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போக வேண்டியது ஃபார்வர்டு. ரிவர்ஸ் மாட்டினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது. டிஸ்க் தெரிந்தும் மிரர் உடைந்தால் ஸ்மார்ட்டில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். வழியில் டேட்டா சிதைந்த தடவைகளைக் காட்டும் அந்த சிஆர்சி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளையோ, டிஸ்க்குகளைச் செருகும் பலகையான பேக்பிளேனையோ மாற்ற வேண்டும். பழைய எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. டிஸ்க் சுழலவே இல்லை என்றால் பவர் கனெக்டரின் மூன்றாம் பின்னைச் சந்தேகப்படலாம்: பவர்-டிஸேபிள் வசதி உள்ள புதிய டிஸ்க்குகள் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே கிடக்கும்.

கேபிளும் பவரும் சரியாக இருந்தும் மிரரிலிருந்து டிஸ்க் கழன்றுபோகிறதா? டைம்அவுட்டைப் பாருங்கள். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் முட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸோ 30 விநாடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பை ரீசெட் செய்யும், டிஸ்க் அதற்கும் பதில் சொல்லாவிட்டால் மிரர் அதை வெளியே தள்ளிவிடும். இப்படி முட்டும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் எஸ்சிடி இஆர்சி வசதி டிஸ்க்கில் இருந்தால் படிப்பது, எழுதுவது இரண்டுக்கும் 70 என்று வையுங்கள், அதாவது 7 விநாடி. பல டிஸ்க்குகள் பவர் போய் வந்ததும் இதை மறந்துவிடும், ஆகவே பூட் ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும். வசதி இல்லாத டிஸ்க் என்றால் கர்னல் பக்கம் டைம்அவுட்டை 180 விநாடியாக உயர்த்துங்கள். ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க் என்றால் இந்த வைத்தியம் பலிக்காது. மிரரை மறுபடி கட்டும் ரீபில்டு இழுத்துக்கொண்டே போகும், அதை மிரரில் சேர்க்காமலிருப்பதே நல்லது.

கார்டு நன்றாகச் சூடாகும். ரேக் சர்வரின் காற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்ட ஹீட்சிங்க் இது. டவர் கேபினெட்டில் வைத்தால் 40 மிமீ ஃபேன் ஒன்றை அதன் மேல் கட்டாயம் பொருத்துங்கள்.

எஸ்எஸ்டி மிரருக்கு இதை வாங்காதீர்கள். டிரிம் என்பது எந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை. டிரிம் செய்த இடத்தைப் படித்தால் நிச்சயமாகப் பூஜ்ஜியம் தரும் என்று தன்னை அறிவிக்காத எஸ்எஸ்டிக்கு இந்தக் கார்டு டிரிம்மைக் கடத்தாது. ஐஆர் மிரரில் டிரிம் அறவே இல்லை. டெபியன், உபுண்டுவில் எம்பிடி3சாஸ் டிரைவர் கார்டைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இலோ இந்தச் சிப்புக்கான ஆதரவை நீக்கிவிட்டார்கள். இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாது, ஈஎல்ரெப்போ என்ற வெளிக் களஞ்சியத்தின் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் எஸ்ஏஎஸ்3008 சிப் உள்ள 9300-8ஐ பக்கம் போகலாம். அதன் சாக்கெட் எஸ்எஃப்எஃப்-8643, பழைய கேபிள் அதில் நுழையாது. கேபிளையும் சேர்த்தே வாங்க வேண்டும்.