ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸ் மிண்டும்: பதினைந்து மாத அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் ஆவணத் தட்டச்சும், மலையாளத்தில் எழுதப்பட்ட பழைய பிரமாணங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, தமிழாக்கும் வேலையும் செய்து வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர் வழி வந்த ஆட்சியில் இருந்ததால், மலையாள மூலத்தையும் தமிழ் வடிவத்தையும் ஒரே கோப்பில் அடிக்க வேண்டிய தேவை எனக்கு அடிக்கடி வரும். இதற்குப் பயன்படும் மடிக்கணினி 2017-இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், பிற்பாடு மாற்றிய 500 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை; விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிய இருந்தது. குறையில்லாமல் ஓடுகிற கணினியை ஒதுக்கிவைக்க மனம் வராததால், 2024 நவம்பரில் அதிலேயே லினக்ஸ் மிண்ட் 22-ஐ இரண்டாவது இயங்குதளமாக நிறுவினேன்.

நிறுவுவதற்கு முந்தைய ஏற்பாடுகள்தான் நேரம் எடுத்தன. கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு, பென்டிரைவிலிருந்தே மிண்டை ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் ஆகியவை வேலை செய்வதை உறுதிசெய்துகொண்டேன். மிண்டுக்கு இடம் ஒதுக்க வட்டில் விண்டோஸ் இருந்த பகுதியை (பார்ட்டிஷன்) சுருக்கும்போது, 300 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் மிகச் சிறிய அளவையே விட்டுக்கொடுத்தது. ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் கோப்பு போன்ற இடம் நகராத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்ததே காரணம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி மறுதொடக்கம் செய்த பின்னரே வேண்டிய இடம் கிடைத்தது. அது மழைக்காலம் என்பதால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. என் பேட்டரியோ பத்து நிமிடம்கூடத் தாங்காது. பார்ட்டிஷனைச் சுருக்கும் நடுவில் மின்சாரம் போனால் உள்ளதும் போய்விடும் என்று அஞ்சி, மைத்துனர் கடையிலிருந்து யுபிஎஸ்ஸைக் கொண்டுவந்து இணைத்த பிறகே வேலையைத் தொடங்கினேன். நிறுவல் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

முதல் வாரத்திலேயே கடிகாரம் குழம்பியது. லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. ஆகவே மிண்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்த பெரியவர் திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, "மக்களே, விடியக்காலம் நாலரைக்கே கடை தொறந்தாச்சா?" என்று கேட்டார். உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே வைக்கும்படி மிண்டில் ஒரு கட்டளை கொடுத்ததும் அது சரியானது.

அடுத்த தொல்லைக்கு என் கவனக்குறைவே காரணம். இரு பக்கமும் பயன்படுத்துவதற்காக 200 ஜிபி அளவில் ஒரு பொதுப் பகுதியை விண்டோஸின் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் வைத்திருந்தேன். ஒரு மாலையில் கிரயப் பத்திரம் ஒன்றை அடித்து முடித்துச் சேமிக்கப் போனால், அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே முடியும் என்று மிண்ட் சொல்லிவிட்டது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுமையாக அணையாமல் பாதி உறக்கத்தில் நிற்கிறது. அந்த நிலையில் வட்டில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. நிறுவும் நாளிலேயே அணைத்திருக்க வேண்டிய அமைப்பு அது, நான் மறந்துவிட்டேன்.

வேலையில் உண்மையான பயன் எழுத்துகளில்தான் கிடைத்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் மூலம் தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகை, மலையாளத்துக்கு 'மொழி' என்ற தட்டச்சு முறை, ஆங்கிலம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு சாவிச் சேர்க்கையில் மாற்றிக்கொள்கிறேன். அதைவிட முக்கியமானது, மலையாளத்தின் பழைய கூட்டெழுத்துகளைக் காட்டும் ரசனா எழுத்துரு. 1971-இல் கேரள அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் கூட்டெழுத்துகள் பல பிரிக்கப்பட்டன. ஆனால் நான் பார்க்கும் பிரமாணங்கள் அதற்கு முந்தியவை. மூலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பின்னி நிற்கும் எழுத்தை அதே உருவில் திரையில் பார்த்து ஒப்பிட முடிவது, கண்ணுக்கு மட்டுமல்ல, பிழை திருத்தத்துக்கும் பெரிய நிம்மதி. எழுத்துருவை விண்டோஸிலும் நிறுவலாம். என்றாலும் எனக்கு அது அறிமுகமானது மிண்டில் மென்பொருள் பட்டியலைத் துழாவியபோதுதான்.

பழைய குறியாக்கத்தில் அடித்த தமிழ்க் கோப்புகள் முதலில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் திறந்தன. உரிய எழுத்துருக் கோப்பை நகலெடுத்து வைத்ததும் லிப்ரே ஆஃபீஸில் படிக்கக் கிடைத்தன. அட்டவணைகள் மட்டும் சற்று நகர்ந்துபோயின. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கிய பழைய அழைப்பிதழ்களுக்கு இன்றும் விண்டோஸ்தான். அச்சுப்பொறியும் அப்படியே. பத்தாண்டு கடந்த என் லேசர் பிரிண்டருக்கு மிண்டில் ஒழுங்கான டிரைவர் அமையவில்லை. இரண்டு இரவுகளை வீணாக்கிய பின் அந்த முயற்சியைக் கைவிட்டேன். இதனால் பகல் முழுவதும் மிண்டில் அடித்ததையெல்லாம் பிடிஎஃப் ஆக்கிப் பொதுப் பகுதியில் சேர்த்துவைத்து, சாயங்காலம் ஒரே தடவை விண்டோஸுக்குப் போய் அச்சிடுகிறேன். அவசரமாக ஒருவர் வந்து நின்றால் மறுதொடக்கத்துக்கு ஆகும் இரண்டு நிமிடம் மிக நீளமாகத் தெரியும். இரட்டை இயங்குதளத்தில் எனக்குள்ள ஒரே மனக்குறை இந்த இரண்டு நிமிடம்தான்.

கடந்த ஆண்டு ஒரு பெரிய புதுப்பிப்புக்கு மறுநாள், எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் தேர்வுப் பட்டியலே காணாமல் போய், கணினி நேராக விண்டோஸுக்குள் நுழைந்தது. பதறத் தேவையில்லை. கணினி தொடங்கும்போதே எஃப்2 அழுத்தி, யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை அமைப்புத் திரையில் பூட் வரிசையை (எது முதலில் தொடங்க வேண்டும் என்பதை) மாற்றினால் போதும். ஆனால் அங்கே மிண்டின் பெயர் இருக்காது, 'உபுண்டு' என்றே இருக்கும். இது தெரியாமல் கால் மணி நேரம் தேடினேன்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பிறகு, அந்தப் பக்கம் இணையத்தைத் துண்டித்துவிட்டேன். அச்சுக்கும் பேஜ்மேக்கருக்கும் இணையம் வேண்டியதில்லை. மிண்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. பிரிண்டரின் டிரம் தேயத் தொடங்கிவிட்டது. அடுத்ததை வாங்குமுன் பென்டிரைவுடன் நாகர்கோவில் கடைக்குப் போய், மிண்டிலிருந்து ஒரு பக்கமாவது அச்சிட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுப்பதாக இருக்கிறேன்.