பென்டாக்ஸ் கே1000-ஆ, கேனன் ஏஇ-1-ஆ? முதல் ஃபிலிம் கேமராவுக்கு எது சரி

ஃபிலிம்ல எடுத்துப் பாக்கணும்னு ஆசை வந்து கேமரா தேட ஆரம்பிச்சா இந்த ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப வரும். ரெண்டுமே 1976-ல வந்ததுதான், ஆனா உள்ளுக்குள்ள ரெண்டும் வேற வேற ரகம்.

ஏஇ-1 அந்தக் காலத்துலயே மைக்ரோபிராசசர் வச்சு வந்த எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாவே பாத்து எடுக்குற கேமரா. ஷட்டர் ஸ்பீடை (ஃபிலிம்ல வெளிச்சம் விழுற நேரம்) நாம வச்சுட்டா அப்பர்ச்சரை (லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துளையோட அளவு) அதுவே பாத்துக்கும், ஓடுற குழந்தையப் பிடிக்கணும்னா இது ரொம்ப வசதி. ஆனா 6 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா ஷட்டரே அடிக்காது. அதோட, மேனுவல்ல எடுக்கும்போது வியூஃபைண்டர்ல (கண்ணை வச்சுப் பாக்குற ஜன்னல்) தெரியுற முள் எந்த அப்பர்ச்சர் வைக்கலாம்னு மட்டும்தான் காட்டும், நாம என்ன வச்சிருக்கோம்னு தெரியணும்னா கண்ணை எடுத்து லென்ஸைத்தான் பாக்கணும், கத்துக்குறவங்களுக்கு இது பெரிய தொல்லை. பழைய பாடில க்ளிக் பண்ணும்போது கீச்சுன்னு சத்தம் வந்தா உள்ள ஆயில் காஞ்சிருக்குன்னு அர்த்தம், சர்வீஸ் பண்ணணும்.

கே1000 முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி வெளிச்சத்தை அளக்குற லைட் மீட்டருக்கு மட்டும்தான், அது செத்தாலும் 1/1000 செகண்ட் வரைக்கும் எல்லா ஸ்பீடும் அடிக்கும், நல்ல வெயில்ல 400 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை உணர்ற வேகம்) ரோல் போட்டு அப்பர்ச்சர் எஃப்16, ஸ்பீடு 1/500-ன்னு வச்சு மீட்டரே இல்லாம எடுத்துடலாம். செல்ஃப் டைமர் கிடையாது, மீட்டரை ஆஃப் பண்ண சுவிட்ச்கூட கிடையாது, பேட்டரி தீராம இருக்க லென்ஸ் மூடியப் போட்டுத்தான் வைக்கணும். இவ்வளவு குறைஞ்ச வசதியோட 1997 வரைக்கும் தயாரிச்சாங்க!

என் ஓட்டு கே1000-க்குதான். ஃபிலிம்ல எனக்குப் பிடிச்சதே 36 ஃபிரேம்தான் இருக்குன்னு நின்னு வெளிச்சத்தைப் பாக்குறதுதான், வியூஃபைண்டர்ல தெரியுற மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பீடையும் அப்பர்ச்சரையும் மாத்தி மாத்தித் திருகும்போது எது எதை எப்படி மாத்துதுன்னு கைக்கே புரிஞ்சிடும், அதை ஏஇ-1 நமக்காக அதுவே செஞ்சுடுது.

எதை வாங்கினாலும் பின்மூடியத் திறந்து ஓரத்துல இருக்குற ஃபோம் பிசுபிசுன்னு ஆயிருக்கான்னு பாருங்க, அது போயிருந்தா வெளிச்சம் உள்ள கசியும், மாத்துறது சுலபம்தான். முதல் ரோல் கலர் நெகட்டிவா இருக்கட்டும், வெளிச்சம் ஒரு ஸ்டாப் (அதாவது ரெண்டு மடங்கா) கூடிப்போனாலும் அது தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவ் இல்லாம நேரா படமே வர்றது) தாங்காது.