கர்னல் மாட்யூலுக்கான ஃப்ளாக்கை எந்த மாறியில் எழுதுவது?

லினக்ஸ் கர்னல் மாட்யூல் (கர்னலில் தனியாக ஏற்றக்கூடிய நிரல் துண்டு) ஒன்றைக் கர்னல் மூலத்துக்கு வெளியே வைத்து பில்டு செய்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம் இது. கம்பைலருக்குக் கூடுதலாக ஒரு ஃப்ளாக், அதாவது அதன் வேலையை மாற்றும் ஒரு கட்டளைக் குறி, போக வேண்டும். சிஃப்ளாக்ஸ், எக்ஸ்ட்ரா_சிஃப்ளாக்ஸ், சிசிஃப்ளாக்ஸ்-ஒய், கேசிஃப்ளாக்ஸ் என்று தேடினால் வரிசையாகப் பெயர்கள் வந்து நிற்கும். எல்லாம் ஒரே வேலையைச் செய்வது போலத் தெரியும், ஆனால் செய்யாது. இரண்டு கேள்விகளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபட்டுவிடும்: ஃப்ளாக்கைத் தீர்மானிப்பவர் மாட்யூலை எழுதியவரா, அதை பில்டு செய்பவரா? அது எத்தனை கோப்புகளைத் தொட வேண்டும்?

வெறும் சிஃப்ளாக்ஸை முதலில் தள்ளிவிடலாம். சாதாரண நிரல்களுக்கு மேக்ஃபைல் (பில்டு விதிகள் அடங்கிய கோப்பு) எழுதிப் பழகியவர்களின் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் கர்னலின் பில்டு அமைப்பான கேபில்டு, கேபில்டு_சிஃப்ளாக்ஸ் என்ற தன் சொந்த மாறியைத்தான் பார்க்கிறது. நீங்கள் எழுதியதை அது கண்டுகொள்வதே இல்லை.

அடுத்தது எக்ஸ்ட்ரா_சிஃப்ளாக்ஸ். பழைய பயிற்சிக் குறிப்புகளில் பாதிக்கு மேல் இதைத்தான் சொல்லும். 2.6.24 கர்னலிலேயே சிசிஃப்ளாக்ஸ்-ஒய் வந்துவிட்டது. அதற்குப் பின்னும் பழைய மேக்ஃபைல்கள் உடையக் கூடாது என்று இதை விட்டுவைத்திருந்தார்கள். 2025இல் வந்த 6.15இல் நீக்கிவிட்டார்கள். நீக்கியது நியாயம்தான், பதினேழு ஆண்டுக்கும் மேல் அவகாசம் கொடுத்தாயிற்று. சிக்கல் என்னவென்றால், இப்போது அதில் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. மைனஸ் ஐ கொண்டு தலைப்புக் கோப்புகளின் பாதை கொடுத்திருந்தால் பரவாயில்லை, கோப்பு கிடைக்கவில்லை என்று கம்பைலரே கத்தும். மைனஸ் டீ கொண்டு ஒரு மேக்ரோவை (நிரலின் ஒரு பகுதியைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் பெயர்) இயக்கியிருந்தால்தான் ஆபத்து. அந்த மேக்ரோவை நம்பியிருக்கும் நிரல் பகுதி சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும், மாட்யூல் மட்டும் ஒழுங்காக பில்டு ஆகிவிடும். புது கர்னலுக்கு மாறிய பிறகு டிரைவரில் ஏதோ ஒரு வசதி மட்டும் காணவில்லை என்றால் முதலில் இந்தச் சொல்லைத்தான் மேக்ஃபைலில் தேடிப் பார்க்க வேண்டும்.

சரி, சிசிஃப்ளாக்ஸ்-ஒய். எழுதியவர் தரப்பு ஃப்ளாக்குகளுக்கு என் பரிந்துரை இதுதான். எந்த மேக்ஃபைலில் எழுதினோமோ அதன் கோப்புகளோடு இதன் எல்லை முடிந்துவிடும், உள் டைரக்டரிகளுக்கு இறங்காது. கடைசியில் இருக்கும் ஒய் என்ற எழுத்தின் இடத்தில் ஒரு கான்ஃபிக் மாறியை (கர்னல் அமைப்பில் ஒரு வசதியை இயக்கும் தேர்வு) வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. அந்த கான்ஃபிக் இயக்கத்தில் இருந்தால் மட்டும் ஃப்ளாக் சேரும், தனியாக நிபந்தனை எழுதத் தேவையில்லை. டிரைவர்களின் டீபக் ஃப்ளாக்குகளைப் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பல டைரக்டரிகளில் பரந்து கிடக்கும் பெரிய டிரைவர் என்றால், உள்ளே உள்ளவற்றுக்கும் இறங்கும் சப்டிர்-சிசிஃப்ளாக்ஸ்-ஒய் இருக்கிறது. சின்ன மாட்யூலுக்கு அது எதற்கு?

ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் வேண்டும் என்றால் சிஃப்ளாக்ஸ் என்பதோடு அடிக்கோடு சேர்த்து, அந்தக் கோப்பின் ஆப்ஜெக்ட் (கம்பைல் ஆகி வரும் கோப்பு) பெயரை எழுத வேண்டும். பிழை தேடும்போது இதற்கு ஈடில்லை. சந்தேகப்படும் கோப்புக்கு மட்டும் டீபக் மேக்ரோவைக் கொடுத்தால் அதன் பிஆர்_டீபக் வரிகள் (பிழை தேடும் செய்திகளை அச்சிடுபவை) மட்டும் பேசத் தொடங்கும், மற்றவை பதிவேட்டை நிரப்பாது. ஆப்ஜெக்ட் உள் டைரக்டரியில் இருந்தால் 5.4 கர்னல் முதல் அதன் பாதையையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதன் எதிர்த்திசைதான் சிஃப்ளாக்ஸ்_ரிமூவ். கர்னல் பொதுவாகக் கொடுக்கும் ஒரு ஃப்ளாக்கை ஒரு கோப்பிலிருந்து மட்டும் எடுக்கும். ஃபங்ஷன் டிரேசிங் (ஃபங்ஷன் அழைப்புகளைப் பின்தொடரும் வசதி) வேண்டாத கோப்புகளுக்கு இதைப் பயன்படுத்துவது வழக்கம். ஆனால் இது வெறும் எழுத்துப் பொருத்தம். ஓ2 என்ற உகப்பாக்க நிலையை எழுதி நீக்கச் சொல்கிறீர்கள், கர்னலோ ஓஎஸ் என்ற வேறு நிலையில் பில்டு ஆகியிருக்கிறது. ஒன்றும் நடக்காது, எச்சரிக்கையும் வராது. மிதவைப் புள்ளி (தசம எண்) கணக்குக்காக, எஸ்எஸ்இ என்ற செயலிக் கட்டளைத் தொகுதியைத் தடுக்கும் ஃப்ளாக்குகளை இப்படிக் கையால் நீக்கியவர்களுக்கு 6.10 முதல் சிசி_ஃப்ளாக்ஸ்_எஃப்பியூ என்ற ஆயத்த மாறி கிடைக்கிறது. ஒவ்வொரு செயலி வகைக்கும் ஒரு பட்டியலை நாமே வைத்திருப்பதைவிட அதுவே மேல்.

இனி பில்டு செய்பவரின் தரப்பு. இங்கேதான் போட்டி உண்மையாகவே சுவாரசியமானது, ஏனென்றால் யார் சொல் கடைசியில் எடுபடும் என்பது வரிசையைப் பொறுத்தது. கட்டளை வரியில் கொடுக்கும் கேசிஃப்ளாக்ஸ் கர்னலின் பொது ஃப்ளாக்குகளோடு சேர்ந்துவிடும். அதன் பிறகு சிசிஃப்ளாக்ஸ்-ஒய், பிறகு கோப்புக்கான ஃப்ளாக், எல்லாவற்றுக்கும் பின்னால் சிஃப்ளாக்ஸ்_மாட்யூல். ஒன்றுக்கொன்று முரணான உகப்பாக்க நிலைகள் வந்தால் கம்பைலர் கடைசியில் வந்ததையே எடுத்துக்கொள்ளும். ஆக, கேசிஃப்ளாக்ஸில் நீங்கள் சொல்வதை மாட்யூலின் மேக்ஃபைல் மாற்றிவிடலாம். சிஃப்ளாக்ஸ்_மாட்யூலில் சொன்னால் அது தப்பாது. அந்த மேக்ஃபைலைத் தொடாமல் ஒருமுறை மட்டும் சோதிக்க எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஓ0 மட்டும் வேண்டாம். உகப்பாக்கம் நடக்கும் என்று நம்பி எழுதிய கர்னல் தலைப்புகள் பல இடங்களில் கம்பைலே ஆகாது.

கட்டளை வரியில் சிசிஃப்ளாக்ஸ்-ஒய் என்றே கொடுப்பவர்களும் உண்டு. அதைத் தவிருங்கள். கட்டளை வரியில் வரும் மாறி மேக்ஃபைலில் இருப்பதை மொத்தமாக அமுக்கிவிடும் என்பது மேக் கருவியின் அடிப்படை விதி. கூட்டல் குறி போட்டு எழுதியிருந்தாலும் தப்பாது. உங்கள் ஒரு ஃப்ளாக் சேரும், எழுதியவர் வைத்த பாதைகளும் மேக்ரோக்களும் போய்விடும்.

எந்த வழியை எடுத்தாலும் ஃப்ளாக் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எளிது. வி=1 என்று சேர்த்து பில்டு செய்தால் முழுக் கட்டளையும் திரையில் ஓடும். அதைவிட வசதி, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் பக்கத்தில் புள்ளியில் தொடங்கி சிஎம்டி என்று முடியும் ஒரு மறை கோப்பு இருக்கும். கடைசியாக ஓடிய கட்டளை அதில் அப்படியே பதிவாகியிருக்கும். கேபில்டு அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஃப்ளாக் மாறிய கோப்புகளை மறுபடி கம்பைல் செய்கிறது. அதனால் ஃப்ளாக்கை மாற்றிவிட்டு கிளீன் (பழைய பில்டை அழிக்கும் கட்டளை) கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.